மூன்று நிமிடம் முடிந்தது

காரைக்குடி எக்ஸ்சேஞ்சில் என் நாற்காலி நம்பர் நாலு.
சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்:
காதில் விழுவது வாய்க்கு வரக்கூடாது.
சம்பளம் வருமே என்று போட்டேன்.

அப்புறம் எத்தனை விழுந்தன.
புதுவயல் அரிசி ஆலையின் கடன்,
தேவகோட்டைச் சம்பந்தம் முறிந்த காரணம்,
கண்டனூரில் பங்காளிக்குத் தெரியாமல்
ஒரு தேக்குத் தூணுக்குப் பேசிய விலை.
எல்லாம் ஹெட்செட்டின் கறுப்புக் கிண்ணத்தில் விழுந்து
அங்கேயே ஆறிப்போகும்.

கோட்டையூர் உமையாளுக்கு
மாதம் இரண்டு முறை பம்பாயிலிருந்து கால் வரும்.
சாத்தப்பன். சர்க்கார் உத்தியோகம்.
என்ன உத்தியோகம் என்று கேட்டால்
"கணக்கு" என்பாளாம்.
செட்டி வீட்டில் கணக்கு என்றால்
மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

எழுபத்து நாலு, மே மாதம். ரயில் வேலைநிறுத்தம்.
கடிதம் நின்ற ஊரில் லைன்கள் கொதித்தன.
பதினைந்தாம் தேதி ராத்திரி
மெட்ராஸ்காரி கூப்பிட்டாள்:
"காரைக்குடி, உங்க கோட்டையூர் பார்ட்டிக்கு ஜோத்பூர்."
ஜோத்பூரா?
"ஜோத்பூர்தான். சீக்கிரம் கொடு."

கொடுத்தேன்.

"பம்பாயில புழுக்கமா?" என்றாள்.
"பம்பாய்க்கு என்ன, கசகசன்னுதான்,"
என்றார் அவர், தொண்டையில் மணல் கரகரக்க.
கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா,
பையனுக்கு அம்மை இறங்கியதா,
கிழக்கு அறைச் சாவி யாரிடம்.
பிறகு இருவரும் பேசவில்லை.
பேசாததற்கும் காசு ஏறிக்கொண்டிருந்தது.
நான் நுழைந்தேன்:
மூன்று நிமிடம் முடிந்தது. இன்னும் வேண்டுமா?
வேண்டாம் என்றார்.

மூன்று நாள் கழித்து ரேடியோ சொன்னது.
ராஜஸ்தான் பாலைவனம். பூமிக்கு அடியில்.
சமாதான காரியத்துக்காம்.
சூப்பர்வைசர் எல்லோருக்கும் காப்பி வாங்கினார்.
அந்த டிக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.
ஜோத்பூர், என் கையெழுத்தில், கொஞ்சம் சாய்ந்து.
மற்ற டிக்கெட்டுகளோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டி
மதுரைக்கு அனுப்பிவிட்டோம்.

ஆடியில் அவர் ஊருக்கு வந்தார்.
கொட்டகையில் அன்று அணு ஃபார்முலாவைத் திருடும் படம்.
விஞ்ஞானிக்கு வெள்ளைத் தாடி, ஒரே மகள்,
ஃபார்முலா அவள் சலங்கைக்குள்.
மொட்டை வில்லன் பொத்தானை அமுக்க
சிவப்பு பல்பு, பச்சை பல்பு, தானே சுழலும் நாற்காலி.
தரை டிக்கெட் விசிலடித்தது.
ஒரு கதவின்மேல் பெரிய எழுத்தில்
ரகசிய அறை என்று பலகை தொங்கிய இடத்தில்
பால்கனியில் ஒருவர் மட்டும் சிரித்தார்,
உமையாளின் முழங்கை அவர் விலாவில் படும்வரை.

இடைவேளையில் நான் சோடா கேட்டேன்.
என் குரலுக்குத் திரும்பினார்.
"நீங்க... டிரங்க்?"
இல்லை என்றேன்.
நம்பியதுபோல் தலையாட்டினார். தொழில் பழக்கம்.

தொண்ணூற்றெட்டில் மறுபடியும் மே, மறுபடியும் அதே மணல்.
ஐந்து விளக்கில் வழிமறித்து லட்டு கொடுத்தார்கள்.
என் பலகையைக் கழற்றிப் பல வருஷம்,
தெருவுக்கு நாலு எஸ்.டி.டி. பூத்.
உமையாள் எதிரே வந்தாள், வெள்ளைச் சேலையில்.
அவர் போனபோது ஆபீஸ் அனுப்பிய பெட்டியில்
ஆறு சட்டை, ஒரு சவரக் கத்தி;
எழுத்து விழுந்த தாள் ஒன்றுகூட இல்லையாம்.

"அன்னைக்கு அவுக எங்கேருந்து பேசினாக?"

இருபத்து நாலு வருஷம்.
கையெழுத்துப் போட்ட விரல் இன்னும் என்னிடம்தான் இருந்தது.
லைன்ல இரைச்சல் ஆச்சி, ஞாபகமில்லை.

சிரித்தாள்.
"பம்பாய்னா பின்னால எந்நேரமும் பஸ் இரையும்.
அன்னைக்கு மயில் அகவுச்சு, ரெண்டு தரம்.
நம்ம கண்மாய்க்கரையில கேக்காத மயிலா?
தெரிஞ்சுதான் புழுக்கமான்னு கேட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்தாள்.
"எனக்குத் தெரியும்ங்கறது
அவுகளுக்குத் தெரியுமா? அதச் சொல்லு."

லட்டு உள்ளங்கையில் பிசுபிசுத்தது.
அந்த மௌனத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.
வெட்டியதும் நான்தான்.